தெருமுனையில் யார் நிற்பது?

பிரதான சாலையின் ஓரமாக நடந்து செல்பவர், அச்சாலையிலிருந்து பிரியும் சிறு தெருவின் வாயைத் தாண்டிச் செல்லும் இடத்தைத் தெருமுனை என்று சொல்வது தமிழ்நாட்டு வழக்கம். சாலையைக் கடப்பது என்றவுடன் மனத்தில் தோன்றுவது, பேருந்தும் லாரியும் விரையும் அகன்ற சாலையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போவதுதான். நடைமேம்பாலங்களும் சுரங்கப்பாதைகளும் சிக்னல்களும் அதற்காகவே அமைக்கப்படுகின்றன. ஆனால் அகன்ற சாலையை ஒரு முறை கடப்பதற்குள் பல தெருமுனைகளைத் தாண்டிவிடும் ஒருவருக்கு, அவற்றில் பெரும்பாலானவற்றில் விளக்கோ காவலரோ வெள்ளைக் கோடோ இருப்பதில்லை. இன்னொரு வேறுபாடும் உண்டு. தெருமுனையில் நடப்பவர் திசை மாறுவதில்லை. வந்த வழியே நேராகப் போய்க்கொண்டிருக்கிறார். திசையை மாற்றுவது, பிரதான சாலையிலிருந்து தெருவுக்குள் நுழையும் வாகனமோ, தெருவிலிருந்து வெளியே வரும் வாகனமோதான். நேரே செல்பவருக்குத் திரும்புபவர் வழிவிட வேண்டும் என்பது வாகனங்களுக்கு இடையே பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. அது நடப்பவருக்கும் மிதிவண்டியில் செல்பவருக்கும் பொருந்துமா என்று கேட்டால், சட்டம் ஒரு விடையையும் சாலையின் கட்டுமானம் அதற்கு நேர்மாறான விடையையும் தருகின்றன. தாம்பரத்திலும் அதைச் சுற்றிய தென்சென்னைப் புறநகரிலும் இந்த முரண் வெகு தெளிவாகத் தெரிகிறது.

இப்புறநகரில் தெருமுனைகள் இவ்வளவு பெருகியதற்கும், அவை இவ்வளவு நெருக்கடி மிக்கவையாக ஆனதற்கும் நிலத்தின் அமைப்பே முதற்காரணம். தெற்கே செல்லும் ரயில் பாதையும், ஜி.எஸ்.டி. சாலை என்று வழங்கும் 32ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் அருகருகே ஓடி ஊரைக் கிழக்கு, மேற்கு என்று வகுக்கின்றன. 1931இல் சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியபின், நிலையங்களிலிருந்து நடந்து போகும் தொலைவில் குடியிருப்புகள் தோன்றின; பிற்காலத்தில் வயல்களும் தோப்புகளும் மனைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவும் ஒரு தனி ‘நகர்’ ஆயிற்று. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று அடுத்தடுத்துக் கிடக்கும் ஏரிகளும், விமானப்படைத் தளத்தின் நீண்ட மதிலும், பல்லாவரம் பக்கத்துக் குன்றுகளும் குறுக்கே நிற்பதால், ஒரு நகரின் தெருக்கள் அடுத்த நகரின் தெருக்களோடு சேர்வது அரிது. முதல் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று எண்ணிட்டுப் போகும் வீதிகள் ஏரிக்கரையிலோ மதிலிலோ முட்டி நின்றுவிடுகின்றன. வெளியேற இருப்பது, பெயர்ப்பலகையோ வளைவோ வைத்த ஒரே வாய். இப்படிப்பட்ட நகர்களின் வாய்கள் எல்லாம் வேளச்சேரி – தாம்பரம் சாலை, அகரம்தென் சாலை, முடிச்சூர் சாலை போன்ற ஒரு சில சாலைகளிலேயே வந்து திறப்பதால், அச்சாலைகளின் ஓரத்தில் நடப்பவர் சிறிது தூரத்துக்கு ஒரு முறை வாகனங்களின் நுழைவாயிலைத் தாண்டியே ஆக வேண்டியிருக்கிறது.

அந்த நுழைவாயிலில் நடப்பதை உணர, வாகனங்களின் அசைவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் செல்லும் முறை உள்ள நாட்டில், சாலையின் இடது ஓரமாக வாகனங்கள் செல்லும் திசையிலேயே நடப்பவருக்கு, தெருவுக்குள் இடப்புறமாகத் திரும்பும் வாகனம் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. கழுத்தைத் திருப்பிப் பார்த்தாலொழிய அது தெரியாது. தெருவிலிருந்து வெளிவந்து இடப்புறம் திரும்பும் ஓட்டுநரோ, பிரதான சாலையில் வலப்பக்கமிருந்து வரும் வாகனங்களுக்கு நடுவே இடைவெளி கிடைக்கிறதா என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். தமக்கு இடப்பக்கமிருந்து நடந்து வருபவர் அவர் கண்ணில் படுவதே இல்லை. கண் திறந்திருந்தும் எதிர்பாராததைக் காணாமல் விடும் இந்த நிலை, எவ்வளவு பழகிய ஓட்டுநருக்கும் நேரக்கூடியது. இவற்றோடு ஜி.எஸ்.டி. சாலை போன்ற நடுத்தடுப்புச் சாலைகளில் மூன்றாவது ஓர் அசைவும் சேர்கிறது. வாகனம் திரும்புவதற்கான இடைவெளி தொலைவில் இருப்பதால், எதிர்ப்பக்கம் போக வேண்டிய இருசக்கர வாகனங்கள் ஓரத்தை ஒட்டியே எதிர்த்திசையில் வந்து, ‘ராங் சைடு’ என்று எல்லோரும் அறிந்த அந்த வழியில், தெருவுக்குள் நுழைகின்றன. ஆகவே தெருமுனையில் நிற்பவர் பின்னால், முன்னால், பக்கவாட்டில் என்று மூன்று திசையையும் ஒரே கணத்தில் பார்த்தாக வேண்டும். நடைபாதை இல்லாத சாலையில் எதிர்வரும் வாகனங்களைப் பார்த்தபடி வலது ஓரமாக நடப்பது நல்லது என்ற பழைய அறிவுரைகூட, ராங் சைடில் வருபவர் முதுகுப்புறமாக வரும் சாலையில் பாதிப் பயனையே தரும்.

இதைக் கணக்காகப் பார்ப்பதும் பயனுடையது. நடப்பவரின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டர் என்று கொள்வது சாலைப் பொறியாளர்களிடையே உள்ள வழக்கம். தெருவின் வாய் 9 மீட்டர் அகலமாக இருந்தால் அதைத் தாண்ட ஏழரை நொடி வேண்டும். முதியவரோ குழந்தையைக் கைப்பிடித்து வருபவரோ நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் பதினொரு நொடிக்கும் மேலாகும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஏழரை நொடியில் 62 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகிறது. அதாவது, வாகனம் நிற்காது என்று வைத்துக்கொண்டால், அடுத்த வாகனம் 62 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் நல்ல காலுடைய ஒருவரே அந்த வாயைத் தாண்ட முடியும். மாலை ஆறு மணிக்குச் சேலையூரில் அப்படியோர் இடைவெளி வாய்ப்பது அபூர்வம். தாம்பரம் சானடோரியத்தில் 1928இல் காசநோய்க்கென்று தொடங்கப்பட்ட மருத்துவமனை இன்றும் நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக இயங்கி வருகிறது. பத்தடி நடந்தால் மூச்சு வாங்குபவர்கள் அன்றாடம் வந்து போகும் வட்டாரத்துக்கு, நொடிக்கு 1.2 மீட்டர் என்ற கணக்கு ஒரு தாராளமான கற்பனை.

வாகனத்தின் வேகத்தை முடிவு செய்வது ஓட்டுநரின் மனம் மட்டுமன்று. தெருமுனையின் வளைவும் அதில் பங்கு கொள்கிறது. செங்கோணத்துக்கு அருகில் இறுக்கமாகத் திரும்பும் மூலையில் எவரும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மூலையை அகலமாக வளைத்துக் கட்டினால் அதே ஆள் அதே வண்டியை விரைவாகத் திருப்புவார். திருப்பத்தின் ஆரம் நான்கு மடங்கானால், அதே அளவு பக்கவாட்டு இழுப்போடு திரும்பும் வேகம் இரண்டு மடங்காகும் என்பது பள்ளிப் பாடநூல் அளவிலான இயற்பியல். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்கு என்பதும் அதே பாடத்தின் அடுத்த வரி. குப்பை லாரியும் தண்ணீர் லாரியும் திரும்ப வேண்டுமென்று மூலைகள் அகலமாக விடப்படுகின்றன. ஒரு நாளில் இரண்டு முறை வரும் லாரிக்காக விட்ட அகலத்தை, நாள் முழுவதும் வரும் மோட்டார் சைக்கிள்கள் வேகமாக மாற்றிக்கொள்கின்றன. அகன்ற மூலையில் நடப்பவர் தாண்ட வேண்டிய தூரமும் கூடிவிடுவதால், இழப்பு இரட்டிப்பாகிறது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்தால், வியப்புக்குரிய அளவுக்குப் பழமையான விடை கிடைக்கிறது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் தன் பத்தாம் அட்டவணையில் ஓட்டும் முறைகளை வகுத்திருந்தது. சாலைச் சந்திப்பையோ மூலையையோ நெருங்கும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டும், அங்கே இருப்பவர்களுக்கு ஆபத்து நேராது என்று தெரிந்த பிறகே அதற்குள் நுழைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1989இல் வந்த சாலை விதிகள், எட்டாவது விதியில், நடப்பவர் கடக்கும் இடத்தையும் சேர்த்துக்கொண்டு இதையே திரும்பச் சொல்லின. இங்கே கவனிக்க வேண்டியது பொறுப்பு எவர்மேல் வைக்கப்பட்டது என்பது. விலகிக்கொள்ள வேண்டிய கடமை நடப்பவருக்கு விதிக்கப்படவில்லை. ஆபத்து இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டிய கடமை நுழைபவருக்கு விதிக்கப்பட்டது. தெரியாவிட்டால் நுழையக் கூடாது என்பதே அதன் பொருள். அந்த விதிகளுக்குப் பதிலாக 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், பாதசாரிகள், மிதிவண்டி ஓட்டுவோர், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் தனிக்கவனம் வேண்டும் என்று வெளிப்படையாகக் கூறுவதோடு, சிக்னல் இல்லாத பாதசாரிக் கடப்பிடத்தில் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, நின்று, வழிவிட வேண்டும் என்றும் கூறுகின்றன. கடப்பிடம் என்பது வரிக்குதிரைக் கோடு போட்ட இடம். கோடு இருந்தால் கடமை ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். தெருமுனைகளில் கோடு போடுவதே இல்லையென்பதால், அந்த வலிமையான வாசகம் அங்கே வந்து சேராமல், பொதுவான கவனக் கடமை மட்டும் எஞ்சுகிறது. இரண்டு டப்பா வெள்ளைச் சாயம் ஒரு சட்ட வாசகத்தை உயிர்ப்பிக்கவும் முடியும், உறங்கவிடவும் முடியும் என்பது இதனால் தெரிகிறது.

விபத்து நேர்ந்தபின் குற்றம் எவர்மேல் என்று பேசும் மொழியையும் இங்கே ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம். தமிழ் இலக்கியத்தின் மிகப் புகழ்பெற்ற சாலை விபத்து வழக்கு திருவாரூரில் நடந்ததாகச் சொல்லப்படும் மனுநீதிச் சோழன் கதை. பெரியபுராணத்தில் அமைச்சர் அரசனுக்குச் செய்தியைச் சொல்லும்போது, இளவரசன் கன்றின்மேல் தேரை ஏற்றினான் என்று சொல்வதில்லை. கன்றுதான் தேர்க்காலின் நடுவே வந்து இறந்துபட்டது என்ற பொருள்படச் சொல்கிறார். வாக்கியத்தின் எழுவாய் தேரிலிருந்து கன்றுக்கு மாறிவிடுகிறது. சாலையில் நடப்பவர் ‘திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்’ என்று இன்று சொல்லப்படும்போதும் எழுவாய் அதே போல இடம் மாறுகிறது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில், பாதிக்கப்பட்டவரின் கவனக்குறைவும் விபத்துக்கு ஒரு பங்கு காரணம் என்று கண்டால் இழப்பீட்டுத் தொகையை அந்த அளவுக்குக் குறைக்கும் முறை உண்டு. ஆகவே எழுவாயின் இடமாற்றம் இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை. மனுநீதிச் சோழன் அமைச்சரின் வாக்கியத்தை ஏற்கவில்லை என்பதும், அவன் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது என்பதும் எல்லோரும் அறிந்தவை.

பிற நாடுகள் இந்தக் கேள்விக்கு ஒரே விதமாக விடை கூறவில்லை. ஜெர்மனியின் போக்குவரத்துச் சட்டம் திரும்பும் வாகனம் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்று நெடுங்காலமாகவே கட்டளையாகச் சொல்கிறது; 2020இலிருந்து, மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட கனரக வாகனங்கள் ஊருக்குள் வலப்பக்கம் திரும்புகையில், அதாவது அந்நாட்டின் ஓரப்பக்கம் திரும்புகையில், நடை வேகத்தில்தான் திரும்ப வேண்டும். பிரிட்டனின் சாலை நெறி நூல் முதன்முதலில் வெளியானது, தாம்பரத்துக்கு மின்ரயில் வந்த அதே 1931இல்தான். தெருமுனையில் ஏற்கெனவே இறங்கிக் கடக்கத் தொடங்கிவிட்டவருக்கு வழிவிட வேண்டும் என்று மட்டும் சொல்லிவந்த அந்நூல், 2022 ஜனவரி 29 முதல், கடப்பதற்காகக் காத்து நிற்பவருக்கும் வழிவிட வேண்டும் என்று திருத்தப்பட்டது. நேரே செல்லும் மிதிவண்டியின் குறுக்கே வெட்டித் திரும்பக் கூடாது என்ற விதியும் அப்போது சேர்ந்தது. இறங்கியவருக்கும் காத்திருப்பவருக்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் பழைய விதியின்படி, உரிமையைப் பெறுவதற்கு ஒருவர் முதலில் வாகனத்தின் முன் காலை வைத்தாக வேண்டும்; துணிச்சல் உள்ளவருக்கே உரிமை, தயங்குபவருக்கு இல்லை என்ற நிலையைப் புதிய விதி மாற்றியது. அது கட்டாய வாசகத்தில் எழுதப்படாமல் அறிவுரை வாசகத்தில் எழுதப்பட்டிருப்பதால், மீறியதற்காக மட்டும் தண்டிக்க முடியாது என்ற குறை அதற்கு உண்டு.

நெதர்லாந்து சொல்லைவிடக் கல்லை நம்பிய நாடு. அங்கே குடியிருப்புத் தெரு பிரதான சாலையைச் சேரும் இடங்கள் பலவற்றில் நடைபாதை இறங்குவதே இல்லை. அதே உயரத்தில், அதே நிறத்தில், அதே கல்லில் தெருவாயைத் தாண்டிச் செல்கிறது. வாகனம்தான் ஒரு சிறு சரிவில் ஏறி, நடைபாதையைக் கடந்து, மறுபக்கம் இறங்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து காரை வெளியே எடுப்பவர் நடைபாதையில் போவோரைப் பார்த்து நிற்பதைப் போலவே, தெருவிலிருந்து வருபவரும் நிற்கிறார், பலகை தேவைப்படுவதில்லை. எந்தத் தளம் அறுபடாமல் ஓடுகிறதோ அந்தத் தளத்தில் செல்பவருக்கே முதலிடம் என்று எவர் மனமும் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. இதைவிட மலிவான முயற்சி ஒன்றை இங்கிலாந்தின் கிரேட்டர் மான்செஸ்டர் வட்டாரத்தில் செய்து பார்த்தார்கள்: விளக்குக் கம்பம் முதலிய செலவுகள் எதுவுமின்றித் தெருமுனைகளில் வரிக்குதிரைக் கோட்டை மட்டும் வரைந்தபோது, வழிவிடும் ஓட்டுநர்களின் எண்ணிக்கை கூடியது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு தாம்பரத்துச் சாலைகளைப் பார்த்தால், தளம் என்ன சொல்கிறது என்பது விளங்கும். புறநகரின் பெரும்பாலான இடங்களில் நடைபாதை என்பது மழைநீர் வடிகாலின் மூடிதான். வடிகால் எவ்வளவு உயரத்தில் கட்டப்பட்டதோ அவ்வளவு உயரத்தில் நடைபாதையும் அமைகிறது; இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற பொறியாளர் அமைப்பு வெளியிட்டுள்ள 103ஆம் எண் வழிகாட்டி, நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, தடையின்றி நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று கூறுவது வடிகாலின் அளவுகளுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு தெருமுனையிலும் மூடி அறுந்து, நடப்பவர் முழங்கால் மடங்க இறங்கி, தெருவைத் தாண்டி, மறுபடி ஏற வேண்டியிருக்கிறது. இப்படி ஏறி இறங்குவதைவிடத் தார்ச்சாலையின் ஓரத்திலேயே நடந்துவிடலாம் என்று பெரும்பாலோர் முடிவு செய்வதில் தவறு காண முடியாது. ‘பிளாட்பாரம் இருக்கும்போது ரோட்டில் நடக்கிறார்களே’ என்று குறை சொல்பவர்கள் ஒரு முழு நாள், இரண்டு பைகளோடு, அந்த மூடிகளின்மேல் நடந்து பார்க்க வேண்டும். மேலும் மூலையில் இருக்கும் மின்வாரியப் பெட்டி, மின்மாற்றி, பூக்கடை, இளநீர் வண்டி, வரிசையில் நிற்கும் ஷேர் ஆட்டோக்கள் ஆகியவை ஓட்டுநரும் நடப்பவரும் ஒருவரையொருவர் பார்க்க வேண்டிய அந்த முக்கோண வெளியை அடைத்துவிடுகின்றன. பார்வைத் தூரம் என்று பொறியாளர்கள் அழைக்கும் அந்த வெளியை வணிகரிடமிருந்து பறிக்க வேண்டும் என்பதில்லை. மூலையிலிருந்து சில மீட்டர் தள்ளி அமரச் செய்தாலே போதும், வியாபாரமும் கெடாது.

தெருமுனை இந்த நிலையில் கிடப்பதற்கு நிர்வாகக் காரணம் ஒன்றும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. பிரதான சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. உள்ளே செல்லும் தெரு மாநகராட்சியின் பொறுப்பு. மூலையில் நிற்கும் பெட்டி மின்வாரியத்தின் பொறுப்பு. போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது காவல் துறையின் பொறுப்பு. தெருவின் வாய் என்பது சரியாக முதல் இரண்டு அலுவலகங்களின் எல்லைக்கோடு விழும் இடம். நெடுஞ்சாலையைப் புதுப்பிக்கும்போது தார் தெருவாயோடு நின்றுவிடுகிறது. தெருவைப் புதுப்பிக்கும்போது சிமென்ட் அங்கே வந்து முடிந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளமோ மேடோ உருவாகி, வெளியே வரும் இருசக்கர வாகனம் அந்த மேட்டில் ஏற ஆக்சிலரேட்டரை முறுக்கி, நிற்க வேண்டிய இடத்தில்தான் வேகம் எடுக்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுத்தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்ட இடங்களில் இது இன்னும் மோசம்.

மிதிவண்டியின் நிலை தனியே பேச வேண்டியது. நடப்பவராவது நிற்கலாம், பின்வாங்கலாம். மிதிவண்டியில் வருபவர் ஒரு முறை நின்றால் மறுபடி உந்திக் கிளம்ப வேண்டும் என்பதால் ஓட்டத்தை விட மனம் வராது. அவரை முந்திச் சென்ற கார் அடுத்த கணமே இடப்பக்கம் வெட்டித் திரும்பினால் அவருக்குப் போக இடமே இல்லை. முந்துவதற்கும் திரும்புவதற்கும் இடையே ஓட்டுநர் சேமித்தது இரண்டு மூன்று நொடி. பேருந்து, லாரி போன்ற நீண்ட வாகனங்கள் திரும்பும்போது, முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போவதில்லை. மூலையை மேலும் நெருங்கி உள்வாங்கிப் போகிறது. ஓட்டுநருக்கு இடப்பக்கத்தில் கண்ணுக்கு எட்டாத ஒரு பகுதியும் இருப்பதால், அந்த இடுக்கில் நிற்கும் மிதிவண்டி அவருக்குத் தெரியாமலே போகலாம். லாரியின் பக்கத்தைக் கையால் தட்டிக்கொண்டே ‘வா வா’ என்று குரல் கொடுத்த கிளீனர்கள் இந்தக் குறையை ஒரு காலத்தில் ஓரளவு ஈடுசெய்தார்கள். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு படிப்பவர்களுக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கிவருகிறது; அதை ஓட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகும் வழியில் உள்ள தெருமுனைகளைப் பற்றி அதே அரசின் வேறு துறைகள் நினைப்பதில்லை என்பது, நல்ல திட்டம் ஒன்றைப் பாதியில் நிறுத்துவதற்கு ஒப்பு.

கொள்கை அளவில் முன்னுதாரணம் இல்லாமல் இல்லை. சென்னை மாநகராட்சி 2014இல், இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கென்று, அதாவது நடைக்கும் மிதிவண்டிக்குமென்று, தனிக்கொள்கை ஒன்றை ஏற்றது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட தியாகராய நகர் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை வளாகம் அந்தப் போக்கில் வந்ததே. தாம்பரம் மாநகராட்சி பிற்பாடு தோன்றியது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து, 70 வார்டுகளோடு அது 2021 நவம்பரில் உருவானது. தாம்பரம் மாநகரக் காவல் ஆணையரகம் 2022 ஜனவரி முதல் நாளில் செயல்படத் தொடங்கியது. பத்து அலுவலகங்கள் ஒன்றான பிறகு, குறைந்தது தெருக்களின் பக்கமாவது ஒரே அளவு, ஒரே வரைபடம் என்று பின்பற்றும் வாய்ப்பு முன்பைவிட அதிகம்.

அதற்கான உந்துதல் தமிழ்நாட்டிலிருந்தே கிளம்பியது என்பதும் குறிப்பிடத்தக்கது. கோயம்புத்தூரின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளில் சிதைந்து வருபவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்தவர், 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கு இன்றுவரை சாலைப் பாதுகாப்பில் முக்கியமான ஆணைகளைப் பெற்றுத் தந்துகொண்டிருக்கிறது. இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர், அதாவது ஐவரில் ஒருவர், நடந்து சென்றவர்கள். தகுந்த நடைபாதை பெறுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதத்தில் கூறிய நீதிமன்றம், அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், நடப்பவர்கள் மற்றும் இயந்திரமில்லா வண்டிகள் குறித்த விதிகளையும், தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் வடிவமைப்புக்கான விதிகளையும் மாநிலங்கள் ஆறு மாதத்துக்குள் இயற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 138(1ஏ), 210டி ஆகிய பிரிவுகள் அந்த அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தருகின்றன. அதே திருத்தம் சேர்த்த 198ஏ பிரிவு, வகுக்கப்பட்ட வடிவமைப்புத் தரத்தைச் சாலை கட்டுபவர் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. உயிரின் விலை இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றினாலும், பொறுப்பு ஓட்டுநரோடு முடிந்துவிடவில்லை என்று சட்டம் ஒப்புக்கொண்ட இடம் அது.

ஓட்டுநர்கள் தரப்பில் சொல்லப்படும் ஒரு நியாயத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பிரதான சாலையில் பின்னால் நெருக்கிக்கொண்டு வரும் பேருந்துக்கு முன்னால், நடப்பவர் ஒருவருக்காக நின்றால், பின்னாலிருந்து இடி விழும் என்பதே அது. இந்த அச்சம் உண்மையானது. அதைத் தீர்க்கும் வழியும் கட்டுமானத்திலேயே உண்டு. கடப்பிடத்தைப் பிரதான சாலையின் விளிம்பிலிருந்து ஒரு காரின் நீளம், அதாவது ஏறக்குறைய ஐந்து மீட்டர், தெருவுக்குள் தள்ளி அமைத்தால், திரும்பிய கார் பிரதான சாலையை விட்டு விலகி, நடப்பவருக்கு முன்னால் நின்று காத்திருக்க இடம் கிடைக்கும். நடப்பவர் சிறிது சுற்றிப் போக வேண்டியிருக்கும் என்பது இதன் குறை. சுற்ற மனமில்லாதவர் நேரே போய்விடுவார் என்பது அதைவிடப் பெரிய குறை. ஆகவே ஜி.எஸ்.டி. சாலையைப் போல வேகம் மிக்க சாலைகளுக்கு இம்முறையும், இருசக்கர வாகனங்களே மிகுந்த சிட்லபாக்கம், மாடம்பாக்கம் உள்சாலைகளுக்கு நடைபாதையை நேராகவே தூக்கி நீட்டும் முறையும் பொருந்தும் எனலாம். வேகத்தடையைப் பொறுத்தவரை, புறநகரில் அது தெருவுக்குத் தெரு ஏற்கெனவே இருக்கிறது. அதையே மேலே தட்டையாக்கி, நடைபாதையின் உயரத்துக்கு உயர்த்தி, இரண்டு முனைகளையும் நடைபாதையோடு சேர்த்துவிட்டால் அது கடப்பிடம் ஆகிவிடும்.

பிரதான சாலையைக் கடக்கும்போது நடப்பவர்களுக்கு உள்ள ஒரு பலம் தெருமுனையில் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் சாலையோரம் சேர்ந்து, பத்துப் பேர் ஆனதும், முன்னால் நிற்பவர் உள்ளங்கையை வாகனங்களை நோக்கி நீட்ட, எல்லோரும் ஒரே அலையாக இறங்கிவிடுகிறார்கள். கையை நீட்டுவது எந்தச் சட்டத்திலும் எழுதாத, ஆனால் எல்லா ஓட்டுநருக்கும் புரியும் சைகை. தெருமுனைக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து சேர்கிறார்கள். கூட்டம் சேரக் காத்திருப்பவர் எவருமில்லை. ஒற்றைக் கை நீண்டால், அதற்குப் பதிலாக வருவது பெரும்பாலும் ஹாரன் ஒலி. ஹாரனின் பொருள் ‘கவனம்’ என்பது புத்தகத்தில்; தெருவில் அதன் பொருள் ‘நிற்கப் போவதில்லை’ என்பது.

ஓட்டுநர் உரிமம் வழங்கும் கட்டத்தில் இவற்றுள் எதைச் சோதிக்கிறார்கள் என்பதைப் பார்ப்பது பொருத்தமானது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15ஆவது விதி, தேர்வுக்கு வருபவர் இடப்பக்க, வலப்பக்க மூலைகளில் முறையாகத் திரும்ப வேண்டும் என்றும், பாதசாரிகள் உள்ளிட்ட சாலையைப் பயன்படுத்தும் பிறரின் பாதுகாப்பை மதித்து நடக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. டி.என். 11 என்ற எழுத்துகளோடு வண்டிகளைப் பதிவு செய்யும் தாம்பரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமானாலும், மாநிலத்தின் வேறு எந்த அலுவலகமானாலும், இருசக்கர வாகனத்துக்கு உரிமம் கேட்பவர் முதலில் பயிற்சி எடுத்துக்கொண்டு போவது எட்டு போடுவதற்குத்தான். காலைத் தரையில் ஊன்றாமல் எட்டு என்ற எண்ணின் வடிவில் வண்டியைச் சுற்றிக் காட்ட வேண்டும், ஊன்றினால் தோல்வி. அந்தத் தளத்தில் தெருமுனை கிடையாது, அதைத் தாண்டி நடந்து வருபவரும் கிடையாது.